ஊதா ஃபவுண்டன் கிராஸ்: வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது

மதுரை வெயிலுக்கு அஞ்சாத அழகுப் புல் இது. கதிர் அணில் வால் மாதிரி வளைந்து நிற்கும். தினமும் 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் ஊதா மங்கிப் பச்சையடிக்கும், தூர், அதாவது ஒரே அடியிலிருந்து கிளம்பும் தண்டுக் கொத்து, சரிந்து விழும்.

விதையை நம்பாதீர்கள், பெரும்பாலும் முளைக்காது. தூரைப் பிரித்துத்தான் நட வேண்டும்: துண்டுக்கு நாலைந்து தண்டு, கூடவே வெள்ளை வேர். இலையை ஒரு சாண் விட்டு வெட்டிவிடுங்கள். 14 அங்குலத் தொட்டிக்குச் செம்மண் 2 பங்கு, மணல் 1, மக்கிய தொழு உரம் 1.

திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் அப்படியே நட்டால் ஐப்பசி மழையில் வேர் அழுகும். அரையடி மேடு கட்டி நடுங்கள். யூரியா வேண்டவே வேண்டாம், இலை தழைத்துச் சாய்ந்துவிடும். தூரின் நடுப்பகுதி காய்ந்து வளையமாகிவிட்டால், தோண்டியெடுத்து ஓரத்துத் தண்டுகளை மட்டும் மறுபடி நடுங்கள்.