பழைய மாருதி 800: சத்தத்தையும் பிரேக்கையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த விதம்

வண்டி 2004 மாடல் மாருதி 800. புகார் மூன்று. பிரேக் மிதித்தால் இடப்பக்கம் இழுக்கிறது. வேகம் ஐம்பதைத் தாண்டினால் 'உர்ர்' என்று ஓர் இரைச்சல். பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் அடியில் 'டக்' என்று ஓர் அடி. முன்பக்க பேடும் பின்பக்க ஷூவும் (பிரேக்கில் உரசித் தேயும் பாகங்கள்) புதிதாக மாற்றியும் மூன்றில் ஒன்றுகூடத் தீரவில்லை. பழைய வண்டிகளில் பெரும்பாலும் காசு வீணாவது இப்படித்தான்: குறை எங்கே என்று பார்க்காமல் கைக்கு எட்டிய பாகத்தை மாற்றிவிடுகிறார்கள். கண்டுபிடித்த வரிசையை அப்படியே எழுதுகிறேன். ஜென், ஆல்ட்டோ, பழைய சான்ட்ரோ, இன்டிகா எல்லாவற்றிலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், இழுப்பது முன்சக்கரம் என்பதால் அவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஸ்பேனரை எடுக்கும் முன் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஏசி, பாட்டு எல்லாம் நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, நீளமான மதில் சுவரை ஒட்டி மெதுவாகப் போனால் சக்கரத்தில் வரும் சத்தம் சுவரில் பட்டுத் தெளிவாகக் காதில் விழும். சத்தம் எதைப் பின்தொடர்கிறது என்பதுதான் கேள்வி. நின்ற இடத்தில் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தாலே வந்தால் அது இன்ஜின், பெல்ட், சைலன்சர் பக்கம், சக்கரத்துக்குச் சம்பந்தமில்லை. ஆளில்லாத சமதளச் சாலையில் நியூட்ரலில் உருளவிட்டும் சத்தம் வேகத்தோடு சேர்ந்து குறைந்தால் பேரிங் அல்லது டயர். உருளவிடும்போது இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சாவியைத் திருப்பி அணைத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம். பூஸ்டர் (மிதியின் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பாகம்) உள்ள வண்டியில் பிரேக்கும் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகரும்போது 'டக் டக் டக்' என்று அடுக்கடுக்காக வந்தால் வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட் (சக்கரம் திரும்பினாலும் இன்ஜினின் சுழற்சியை அதற்குக் கொண்டுசேர்க்கும் மூட்டு), குனிந்து பார்த்தால் அதன் ரப்பர் பூட் கிழிந்து, சக்கரத்தின் உட்பக்கமெல்லாம் கிரீஸ் தெறித்திருக்கும். பூட் கிழிந்த புதிதில், சத்தம் தொடங்கும் முன்பே பார்த்துவிட்டால், பூட்டும் கிரீஸும் மட்டும் மாற்றினால் போதும். மண் உள்ளே போய்ச் சத்தம் வந்துவிட்டால் ஜாயின்ட்டையே மாற்ற வேண்டியதுதான்.

இந்த வண்டியில் இரைச்சல் நியூட்ரலிலும் வந்தது. இனி டயரா, பேரிங்கா என்று பிரிக்க வேண்டும். டயர் இரைச்சல் தார்ச்சாலைக்கும் கான்கிரீட் சாலைக்கும் மாறும். பேரிங் இரைச்சல் சாலையைப் பார்ப்பதில்லை. அகலமான வளைவில் சீரான வேகத்தில் போகும்போது எடை வெளிப்பக்கச் சக்கரத்தில் ஏறும். இடப்பக்கம் வளையும்போது இரைச்சல் கூடினால் சந்தேகம் வலப்பக்கப் பேரிங்கின்மேல். இங்கே அப்படித்தான் கூடியது. ஜாக்கியில் தூக்கி, ஒரு கையால் சுருள் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுழற்றினால், கெட்ட பேரிங்கின் சொரசொரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். நல்ல பக்கத்தையும் சுழற்றி ஒப்பிட வேண்டும். வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருப்பது பேரிங்கையோ பால் ஜாயின்ட்டையோ காட்டும்; இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் மட்டும் ஆடுவது டை ராட் முனையையோ ஸ்டியரிங் ரேக்கையோ காட்டும். பேரிங்கை பிரஸ்ஸில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். நக்கிளுக்குள் (பேரிங்கைத் தாங்கும் இரும்பு உறை) ஏற்றும்போது வெளி வளையத்தில் அழுத்தம் கொடுக்க வேண்டும், ஹப்பை (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) ஏற்றும்போது உள் வளையம் தாங்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் அந்த அடி முழுக்க உள்ளிருக்கும் குண்டுகள் வழியாகப் போய் வளையத்தில் பள்ளம் விழும். புதுப் பேரிங்கும் சீக்கிரமே இரையத் தொடங்கிவிடும்.

பிரேக் பிடிக்கும்போது வரும் அந்த ஒற்றை 'டக்' இந்த மாடலில் அடிக்கடி பார்ப்பது. மாருதி 800-இல் ஸ்டெபிலைசர் பார் வண்டி சாய்வதைத் தடுப்பதோடு, லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் இரும்புக் கை) முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருக்கும் வேலையையும் செய்கிறது. அதன் புஷ் (இணைப்பில் இருக்கும் ரப்பர் உறை) தேய்ந்தால் பிரேக் பிடித்தவுடன் சக்கரம் சற்றுப் பின்னுக்குத் தள்ளப்பட்டு இரும்பில் போய் முட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் வண்டியை முன்னும் பின்னும் உலுக்க, மூன்றாமவர் டார்ச் அடித்து அடியில் பார்த்தால் புஷ் நகர்வது கண்ணுக்கே தெரியும். புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான். அந்தரத்தில் தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழிந்துபோகும்.

இப்போது முக்கியமான புகாருக்கு வருவோம். இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம்தான் கெட்டது என்று முடிவுகட்டக் கூடாது. வலப்பக்கம் பிடிக்காமல் இருந்தாலும் வண்டி இடப்பக்கம்தான் போகும். முதலில் இரண்டு முன்டயர்களிலும் காற்று சமமா என்று பார்க்க வேண்டும். பிறகு இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டி, கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் உருண்டு வந்து நிறுத்தி, புறங்கையை ரிம்முக்கு அருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். தொடக் கூடாது, சுட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கம் பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. ஒரு பக்கம் குளிர்ந்தே இருந்தால் அது வேலையே செய்யவில்லை. இந்த வண்டியில் இடப்பக்க ரிம் நன்றாகச் சுட்டது.

சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கியபின் ஸ்டாண்டில் இறக்கி வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பியோ செங்கல், ஹாலோ பிளாக்கை முட்டுக்கொடுத்தோ அடியில் நுழையவே கூடாது. சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்ததில் சுமாராகச் சுற்றியது. ஒருவர் பிரேக்கை மிதித்து விட்டதும் உடனே சுழற்றினால் அசையவில்லை; சற்று நேரம் கழித்து மெல்ல விட்டது. இந்த 'சற்று நேரம் கழித்து' என்பதைக் கவனிக்க வேண்டும். துருப்பிடித்துச் சிக்கிய பிஸ்டன் தானாக இப்படி விடுவது அரிது. மறுபடி மிதித்து விட்டு, சக்கரம் சிக்கியிருக்கும்போதே காலிப்பரின் (பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பாகம்) பிளீடர் நிப்பிளை (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் திருகு) கால் சுற்று திறந்ததும் பிரேக் ஆயில் பீய்ச்சி அடித்தது, சக்கரம் உடனே விட்டது. அதாவது காலிப்பர் நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடாமல் இருந்திருந்தால் குறை காலிப்பரில், அதன் பிஸ்டனிலோ கைடு பின்னிலோ.

அழுத்தம் மாட்டுவது காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸிலா, மிதியை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலா? நிப்பிளை மூடி, மீண்டும் மிதித்து விட்டு, இம்முறை இரும்புக் குழாய் ரப்பர் ஹோஸோடு சேரும் யூனியனைத் தளர்த்தினோம். மேலே ஆயில் கசிந்தது, சக்கரம் விடவில்லை. ஆக, மாட்டியது யூனியனுக்கும் காலிப்பருக்கும் நடுவே இருக்கும் ஹோஸ். வெளியே ரப்பர் பார்க்க நன்றாகவே இருந்தது. வயதான ஹோஸின் உட்சுவர் ஊதி உரிந்து, மிதிக்கும்போது ஆயிலைப் போகவிட்டு, திரும்பும்போது மறிக்கும் ஒருவழிக் கதவாகிவிடும். புது பேட் போட்டும் இழுப்பு தீராததற்குக் காரணம் இதுதான். மாஸ்டர் சிலிண்டரில் குறை இருந்தால் ஒரே ஒரு சக்கரம் மட்டும் சிக்குவது அரிது.

ஹோஸை ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஒரே வயது என்பதால் மற்றொன்றும் காத்துக்கொண்டிருக்கும். செம்பு வாஷர் உள்ள இணைப்பில் வாஷரும் புதியது. மாட்டியபின் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, ஹோஸ் முறுக்கிக்கொள்ளவில்லை, டயரில் உரசவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். காலிப்பரைக் கழற்றும்போது ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வைக்க வேண்டும்.

வலப்பக்கத்தையும் திறந்து பார்த்தது நல்லதாயிற்று. உட்பக்க பேட் வெளிப்பக்கத்தைவிட நன்றாகவே தேய்ந்திருந்தது. காலிப்பர் கைடு பின்களில் சரியாக நகரவில்லை என்பதற்கு இது அடையாளம்: பிஸ்டன் உட்பக்க பேடைத் தள்ளுகிறது, காலிப்பர் நகர்ந்து வந்து வெளிப்பக்க பேடை இழுக்க மறுக்கிறது. பின்களைக் கழற்றியபோது பழைய கிரீஸ் அரக்காகக் காய்ந்திருந்தது. துடைத்து, பள்ளம் விழாதிருந்தால் பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகோன் கிரீஸை மெல்லிசாகப் பூசினால், விரலால் தள்ளினாலே நகரும். சாதாரண பேரிங் கிரீஸ் வேண்டவே வேண்டாம்; பெட்ரோலியக் கிரீஸ் அங்குள்ள ரப்பரை ஊதவைக்கும். பிரேக்கின் ரப்பர் பாகங்களைப் பெட்ரோல், மண்ணெண்ணெயில் கழுவுவதும் அதே காரணத்தால் தப்பு. இதில் எந்தச் சமாதானமும் செய்துகொள்ளக் கூடாது. பிரேக் ஆயில் டப்பாவில் யாராவது இன்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டால் மாஸ்டர் சிலிண்டர் முதல் வீல் சிலிண்டர் (டிரம்முக்குள் ஷூவைத் தள்ளுவது) வரை ரப்பர் அத்தனையும் மாற்ற வேண்டிவரும்.

பேட் பற்றிய சத்தங்களில், தொடர்ந்து 'கீச்'சென்று வருவது பெரும்பாலும் பேடில் உள்ள தேய்மானத் தகடு டிஸ்க்கைத் தொடுவது. அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். 'கர்ர்' என்று இரும்பு அரைக்கும் சத்தம் வந்துவிட்டால் பேடில் பொருளே மிச்சமில்லை, வண்டியை அதற்குமேல் ஓட்டக் கூடாது. மழைக்கு மறுநாள் காலையில் முதல் நாலைந்து பிரேக்குக்கு மட்டும் வரும் உரசல் டிஸ்க்கில் படிந்த மேல்துரு. கடலோர ஊர்களில் இது சகஜம், கவலை வேண்டாம். பிரேக்கில் ஸ்டியரிங் ஆடினால் முன் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். டயல் கேஜில் (நுண்ணிய கோணலை அளக்கும் கருவி) 0.1 மில்லிமீட்டருக்கு மேல் கோணல் இருந்தால் ஸ்டியரிங் அதிரத் தொடங்கும். ஆனால் டிஸ்க்கை லேத்துக்கு அனுப்பும் முன் ஹப்பின் முகத்தில் துரு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் துருவின் மேல் மாட்டினால் புது டிஸ்க்கும் கோணலாகத்தான் சுற்றும். பெரும்பாலான டிஸ்க்குகளில் குறைந்தபட்ச தடிமன் பொறித்திருக்கும். லேத்தில் கொடுத்தபின் அதற்குக் கீழே போகும் என்றால் புதியதுதான் வழி.

பின் டிரம்மைத் திறக்கும்போது ஹேண்ட் பிரேக் இறக்கியிருக்க வேண்டும். உள்ளே இருக்கும் தூசியை கம்ப்ரஸர் காற்றால் ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே பாதுகாப்பு. வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை லேசாக நெம்பிப் பார்த்து, உள்ளே ஈரம் வழிந்தால் கசிவு. ஆயிலில் ஊறிய ஷூவை உப்புத்தாளில் தேய்த்தோ தீயில் காட்டியோ மீண்டும் போடுவது பலர் செய்வது. ஊறியது திரும்பவும் கசிந்து வரும், இரு பக்கமும் ஷூவை மாற்றுவதே சரி. இந்த வண்டியில் ஷூ உட்காரும் பின்தட்டின் மேடுகள் மட்டும் காய்ந்திருந்தன. அந்த மேடுகளில் மட்டும் துளி கிரீஸ், லைனிங்கில் விரல்கூடப் படாமல்.

கடைசியாக, பிரேக் குழாய்களில் புகுந்த காற்றை எடுப்பது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 தரப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு அது 230-ம் 155-ம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது மிதி திடீரென்று பஞ்சுபோல் அமுங்கினால் கொதித்தது ஆயில். மிதி கெட்டியாகவே இருந்தும் வண்டி நிற்கவில்லை, கருகிய வாடை வருகிறது என்றால் சூடேறியது பேட். இரண்டுக்கும் உடனடி மருந்து வண்டியை ஓரங்கட்டி ஆறவிடுவது. வராமல் தடுக்க இரண்டாம் கியரில் இறங்க வேண்டும். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்ற வேண்டும், அதுவும் சீல் உடைக்காத டப்பாவிலிருந்து.

மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குவது வழக்கம்: இடப் பின், வலப் பின், இட முன், வல முன். வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதுவே சரி. நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாய் மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கவைத்து, மிதிக்கும்போது திறந்து, மிதியை விடும் முன் மூட வேண்டும். பழைய வண்டியில் மிதியைத் தரைவரை அழுத்தக் கூடாது, அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். வழக்கமாக சீல் போகாத அந்தக் கடைசிப் பகுதியில் சிலிண்டர் துருப்பிடித்திருக்கும். ஒரே மிதியில் சீல் கிழிந்து, நல்ல மாஸ்டர் சிலிண்டர் கெட்டுவிடும். ஆயில் பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

முடித்ததும் இன்ஜினை ஓடவிட்டு மிதியை அரை நிமிடம் ஒரே அழுத்தத்தில் பிடிக்க வேண்டும். வெளியே கசிவில்லாமல் மெல்ல அமுங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டரின் உள்சீல் போய்விட்டது. பூஸ்டர் இருந்தால் இன்ஜினை அணைத்து நாலைந்து முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் சரி. புது பேட் போட்டிருந்தால் ஆளில்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதமாகக் குறைத்து, இடையில் ஆறவிட்டு, பத்துப் பன்னிரண்டு முறை பழக்க வேண்டும். முதல் 200 கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக்கைத் தவிர்த்தால் பேட் டிஸ்க்கோடு நன்றாகப் படியும். மறுநாள் சக்கர நட்டுகளை ஒருமுறை சரிபார்த்து, ஹோஸ் இணைப்புகளைக் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் ஈரம் ஒட்டினால் அந்த யூனியனைச் சரிசெய்யும்வரை வண்டியை வெளியே எடுக்கக் கூடாது.