குரூப் 2 மெயின்ஸ்: கொள்கை விளக்கக் குறிப்பு படியுங்கள், பதவியையும் அதிலேயே தேடுங்கள்

டிஎன்பிஎஸ்சி குரூப் 2 தேர்வில் தேறியவர்கள் ரேங்க் வரிசையில் பதவியைத் தேர்ந்தெடுக்கிற கலந்தாய்வு முடிந்து தர்மபுரிக்குத் திரும்பிவிட்டேன். எடுத்திருப்பது தொழிலாளர் உதவி ஆய்வாளர். ரிசல்ட் வந்ததிலிருந்து, மெயின்ஸுக்கு எப்படிப் படித்தாய், ஏன் இந்தப் பதவி என்று போனில் கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதியே போட்டுவிடுகிறேன். முதல்நிலைத் தேர்வான பிரிலிம்ஸ் பற்றி இதில் எதுவும் இருக்காது. பள்ளிப் புத்தகத்தைப் படி, தமிழை விட்டுவிடாதே, கணக்கைத் தினமும் போடு என்று சொல்ல ஊர் நிறைய ஆள் இருக்கிறார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். அரசின் கொள்கை விளக்கக் குறிப்புகளைப் படியுங்கள். சட்டமன்றத்தில் துறைகள் தங்களுக்கான நிதியைக் கேட்கிற மானியக் கோரிக்கை வரும்போது ஒவ்வொரு துறையும் வெளியிடுகிற புத்தகம் அது. அரசு இணையதளத்தில் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. காசு கொடுத்து வாங்குகிற மெட்டீரியலில் பாதி இதிலிருந்து எடுத்ததுதான், அதுவும் போன வருடத்துக் குறிப்பாக இருக்கும்.

எனக்கு இது மதிப்பெண்ணோடு நிற்கவில்லை. டிகிரி முடித்த பிறகு டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றுகொண்டிருந்தேன். நின்றுகொண்டிருந்தேன் என்றால் நிஜமாகவே நின்றுகொண்டுதான். காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து ராத்திரி மடிப்பு முடிகிற வரை, சாப்பாட்டு நேரம் தவிர உட்காரக் கூடாது. சூப்பர்வைசர் டீக்குப் போகிற நேரம் பார்த்து, கவுண்டருக்குப் பின்னால் பிரிக்காத பண்டலின் மேல் ஒருத்தி உட்காருவாள். இன்னொருத்தி முன்னால் ஒரு சேலையை விரித்துப் பிடித்து, கஸ்டமருக்குக் காட்டுகிற மாதிரி மறைத்துக்கொள்வாள். கேமரா மாட்டிய பிறகு அதுவும் போச்சு. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் வார் இருந்த இடம் பள்ளமாகத் தெரியும், சுற்றிலும் வீங்கியிருக்கும்.

மெயின்ஸுக்காகத் தொழிலாளர் நலத்துறைக் குறிப்பை எடுத்து, அதில் வருகிற சட்டங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போனபோதுதான் கண்ணில் பட்டது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், 2021-இல் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். கடை ஊழியர் எல்லோருக்கும் உட்கார இருக்கை வைக்க வேண்டும், வேலை நேரம் முழுக்க நிற்கவைக்கக் கூடாது. கேரளத்தில் இது 2018-லேயே வந்துவிட்டது. சட்டம் வந்த பிறகும் நாங்கள் பண்டலுக்குப் பின்னால் ஒளிந்துதான் உட்கார்ந்தோம். எங்களில் ஒருத்திக்கும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சரி, கடைக்குள் வந்து நாற்காலி எங்கே என்று கேட்க வேண்டியவர் யார்? தொழிலாளர் துறை ஆய்வாளர். அந்த வரிசையில் உதவி ஆய்வாளர் பதவி நாம் எழுதுகிற குரூப் 2-லேயே இருக்கிறது.

அதற்குப் பிறகு படிப்பு பாரமாகத் தெரியவில்லை. மக்களுக்குச் சேவை செய்யணும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக்கொண்டு படித்த நாட்களில் எனக்குப் பத்துப் பக்கம்கூடத் தாண்டாது.

படித்த முறை:

- குறிப்பை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். முதலில் சட்டங்களின் பட்டியல், அப்புறம் திட்டங்கள். நிதி அட்டவணைகளில் பெரிய எண்களை மட்டும் பாருங்கள்.
- தொழிலாளர், சமூக நலன், பதிவுத்துறை, சுகாதாரம், ஊரக வளர்ச்சி. இந்த ஐந்தும் போதும் என்பது என் கருத்து.
- சட்டத்துக்கு ஒரு பக்கம். ஆண்டு, என்ன சொல்கிறது, யார் அமல்படுத்துகிறார், எங்கே இடறுகிறது, நம்ம மாவட்டத்தில் ஒரு உதாரணம்.

கடைசியாகச் சொன்ன உதாரணத்தை விட்டுவிடாதீர்கள். குழந்தைத் தொழிலாளர் பற்றிக் கேள்வி வந்தால் எல்லோரும் 1986 சட்டம், 2016 திருத்தம், 14 வயதுக்குள் வேலைக்கு வைக்கக் கூடாது, 14 முதல் 18 வரை அபாயகரமான தொழில் கூடாது என்று எழுதுவார்கள். நான் கூடவே பென்னாகரம் பக்கத்துப் பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, பாட்டியிடம் விட்டுப்போன பிள்ளை பள்ளிக்குப் போவது எப்படி மெல்ல நிற்கிறது என்று நாலு வரி எழுதுவேன். குடிநீர் என்றால் தண்ணீரில் புளோரைடு அதிகமாக இருப்பதால் கறை பிடித்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பல்லில் ஆரம்பித்து, ஜப்பான் கடனில் கட்டி 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டத்துக்குப் போவேன். மனப்பாட விடைகளாகப் பார்த்துச் சலித்த, விடைத்தாள் திருத்துகிறவருக்கு இது தனியாகத் தெரியும் என்று நம்பித்தான் எழுதினேன்.

குழுவாகப் படிப்பது பற்றிக் கேட்கிறார்கள். எனக்கு ஒத்துவராது. வேலைவாய்ப்பு அலுவலகத்துத் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் மாதிரித் தேர்வு நடக்கும்போது மட்டும் போவேன், எழுதுவேன், வந்துவிடுவேன். மீதி நேரம் மாவட்ட மைய நூலகம். பேசிப் பேசிப் படிக்கிற ஆளாக இருந்தால் நீங்கள் வேறு மாதிரி செய்யுங்கள்.

இனி பதவி விஷயம். கலந்தாய்வில் திரையில் காலியிடம் குறைந்துகொண்டே வரும். வரிசையில் முன்னால் இருப்பவர்கள் சார்பதிவாளர், துணை வணிகவரி அலுவலர் என்று எடுத்துக்கொண்டே போவார்கள். உள்ளே போய் யோசிக்க நேரம் கிடையாது. அதனால் முந்தின வாரமே ஒவ்வொரு பதவிக்கும் ஒரு கேள்வி எழுதி வைத்துக்கொண்டேன்: செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு இந்த வேலையில் என்ன செய்துகொண்டிருப்பேன்? பதில் தெரியாத பதவிக்கு அந்தத் துறைக் குறிப்பை மறுபடி எடுத்தேன். குற்றத்தில் சிக்கியவர்கள் திருந்தி வாழ்வதைக் கண்காணிக்கிற நன்னடத்தை அலுவலர் பதவியும் கடைசி வரை என் பட்டியலில் இருந்தது. ஆனால் நாளெல்லாம் உட்கார்ந்து ஒருவர் கதையைக் கேட்கிற பொறுமை எனக்கு இல்லை. நடந்து திரிகிற வேலைதான் சரிப்படும்.

சித்தப்பாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. "ரிஜிஸ்டர் ஆபீஸ் கிடைக்கிற ரேங்க்ல போய் யாராவது கடை கடையா ஏறி இறங்குற வேலைய எடுப்பாங்களா?" என்று வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார். அப்பா ஒன்றும் பேசவில்லை. எடையளவுச் சட்டமும் இதே துறைதான், எலக்ட்ரானிக் தராசுக்கு வருடா வருடம் முத்திரை போட்டிருக்கணும் என்று நான் சொன்னபோது மட்டும் நிமிர்ந்தார். "புளி எடை போடுற தராசுக்குமா?" என்றார். "அதுக்கும்தான்ப்பா" என்றேன். வருடா வருடம் வீட்டில் ஒரு எடையும் மண்டியில் ஒரு எடையும் பார்த்து நொந்தவர் அவர். அப்புறம் சித்தப்பாவுக்கு அவரே பதில் சொல்லிக்கொண்டார்.

ஒரு உதவி ஆய்வாளர் போனதும் எல்லாக் கடையிலும் நாற்காலி முளைத்துவிடாது. ஆள் பற்றாக்குறை, மேலிருந்து போன், இதெல்லாம் இருக்கும் என்று ஏற்கெனவே அந்த வேலையில் இருப்பவர்களே சொல்லிவிட்டார்கள். தெரிந்துதான் எடுத்தேன்.

கடைசியாகச் சில:

- தமிழ்த் தகுதித் தாளை அலட்சியம் செய்யாதீர்கள். அதில் தேறாவிட்டால் மற்றத் தாளைத் திருத்தவே மாட்டார்கள்.
- கையெழுத்து அழகாக வேண்டாம், புரிந்தால் போதும்.
- தமிழ் வழி ஒதுக்கீடு கேட்பவர்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த பள்ளி ஒவ்வொன்றிலும் தமிழ் வழியில் படித்ததற்கான சான்றிதழை இப்போதே வாங்கிவிடுங்கள். ரிசல்ட்டுக்குப் பிறகு என்று விட்டால், தலைமையாசிரியர் லீவு, பதிவேடு கிடைக்கவில்லை என்று அலையவேண்டி வரும்.