ஓநாய்க்கு நைட்டி போட்ட கதை

அக்காட மகன் ஒரு நாள் பின்னேரம் வந்து "மாமா, படம் எடுக்கப் போறன், உங்கட ஆட்டோ வேணும்" எண்டான். படமெடுக்கிற ஆக்கள் கெமரா தேடுவானுகள், இவன் ஆட்டோ தேடுறானே எண்டு கேட்டா, லைட்டிங்குக்காம். ஹெட்லைட்தான் மெயின் லைட்டு. கெமரா அவன்ட போன். பட்ஜெட் அக்கா சீட்டுப் பிடிச்சு வச்சிருந்த 40,000 ரூபா, அதுவும் அக்காவுக்குத் தெரியாம.

என்ன படம்டா எண்டு கேட்டன். பேய்க்கொமடியாம், ஆந்தாலஜியாம். அப்பிடியெண்டா மூண்டு குட்டிக்கதய ஒட்டி ஒரு படமாக்கிறது, ஒரு கதையில நடிச்சவன் வெளிநாட்டுக்குப் போயிட்டாலும் அடுத்த கதைய வேற ஆளோட எடுக்கலாம், காசு முடிஞ்சா ரெண்டு கதையோட நிப்பாட்டிரலாம். கேட்டப்போ எனக்கே நல்லாத்தான் பட்டுது, கையில காசில்லாதவனுக்கெண்டே கண்டுபிடிச்ச சாமான் போல. கதையும் எழுதத் தேவல்ல, பழைய தேவதைக் கதையள்தான். "அதில எங்கடா பேய்?" எண்டதுக்கு ஒரு மணித்தியாலம் வகுப்பெடுத்தான். சிவப்புத் தொப்பிப் புள்ளட கதய பிரான்ஸில பெரோ எண்டவர் 1697ல எழுதக்க ஓநாய் புள்ளயத் தின்னும், அதோட கதை முடிஞ்சிரும், காப்பாத்த ஆருமில்ல. வேட்டைக்காரன் வாறது 1812ல கிறிம் சகோதரர்மார்ட புத்தகத்தில. அவங்கட சிண்ட்ரெல்லாவில அக்காமார் செருப்புக்குள்ள கால் போகல எண்டு ஒருத்தி பெருவிரலயும் மத்தவள் குதிக்காலயும் வெட்டுவாளுகள். குசினிக்குள்ள இருந்த அக்கா எட்டிப்பாத்து "உதெல்லாம் புள்ளயளுக்குச் சொல்ற கதையாடா?" எண்டா.

சிண்ட்ரெல்லாவ அக்காட வீட்டு விறாந்தையிலயே எடுத்தம். வெட்டின பெருவிரலுக்கு ஒரு சொசேஜஸ் துண்டு. ரத்தத்துக்கு சீனிப்பாகு, சிவப்புக் கலறிங், கொஞ்சம் கோப்பித்தூள். கத்தி வெட்டினதும் விரல் துள்ளி விழுந்துது, பக்கத்து வீட்டுப் பூனை வந்து கவ்விக்கொண்டு மதிலேறிப் போயிட்டு. டைரக்டர் "கட்" சொல்லல்ல. பூனைக்குப் பின்னால போனோட ஓடினான். மிட்டாய் வீட்டுக் கதையப் பத்தி பெரிசாச் சொல்ல ஒண்டுமில்ல, தொதலும் மஸ்கட்டும் ஒட்டின காட்போட் வீட்ட எடுக்க முந்தியே எறும்பு எடுத்திட்டுது.

ஓநாய்க் கதைக்குத்தான் நான் அம்பிட்டன். இலங்கைக் காட்டிலயே ஓநாய் இல்ல, நரிதான் இரிக்கி, நரிய வை எண்டன், கேக்கல்ல. உடம்புக்குத் தேங்காத் தும்பு, பல்லுக்குச் சிரட்டைய அரத்தால ராவி வெள்ளைப் பெயின்ட். அதுக்கு மேல அம்மாட பூப்போட்ட நைட்டி, ஏனெண்டா ஓநாய் கிழவிட வேசம் போடணும். தும்பு கடிச்ச கடி இருக்கே, பேய் பிடிச்சவன் ஆடுறத விட மோசமா ஆடினன், மருமகன் "சூப்பர் மாமா, அப்பிடியே இருங்க" எண்டான். அந்தப் பல்ல வச்சிக்கொண்டு "உன்னத் தின்னத்தான்" எண்டு சொல்ல ஏலா. வாய்க்குள்ளால காத்துத்தான் போகுது.

காடு வேணுமெண்டு மட்டக்களப்பு வெள்ளாவெளிப் பக்கம் போனம். வழியில மண்முனையில முந்தி பாதை எண்டு சொல்ற மிதவையில ஏத்தித்தான் ஆத்தக் கடக்கிற, 2014ல பாலம் வந்தாப் பிறகு சுகம். வயல் கரையில ஆட்டோவ நிப்பாட்டி ஹெட்லைட்டப் போட்டு, நான் வரம்பில நாலு காலில வாற சீன். ரெண்டு டேக் ஓகே. மூண்டாவதுக்கு கிறுகி வாறன், அங்கால பரணில ஒரு டோர்ச் வெளிச்சம், "ஹோஓஓய்" எண்டு ஒரு சத்தம், மறுகா டமார்! யானைவெடி. அந்தப் பக்கம் யானை இறங்கி வேளாண்மையத் திண்டுட்டுப் போறதால காவல்காரர் முழிச்சிருக்கிற எண்டத டைரக்டரும் யோசிக்கல்ல, நானும் யோசிக்கல்ல. நான் நைட்டியத் தூக்கிப் பிடிச்சிக்கொண்டு ஓட, அவர் "காடேறி ஓடுது, காடேறி ஓடுது" எண்டு கத்த, ரெண்டாவது வெடி. வாய்க்காலுக்குள்ள விழுந்தன். பல்லு ரெண்டும் போயிட்டு.

டோர்ச்சக் கொண்டு வந்து முகத்துக்கு நேர பிடிச்சார். அறுவது வயசிருக்கும். "ஆரு மனே நீ?" எண்டார். படம் எடுக்கிறம் எண்டன். நைட்டிய மேலும் கீழும் பாத்துட்டு வரம்பிலயே குந்தியிருந்து சிரிச்சார், சிரிச்சு முடிச்சு வெத்தில போட்டுட்டுக் கேட்டார், "இதில எனக்கு ஒரு பாட் இல்லயா?"

மருமகனுக்கு மூள அப்பதான் வேல செய்துது. வேட்டைக்காரன் இல்லாமத்தான் கதய முடிக்க இருந்தான், வெடியோட வேட்டைக்காரனே வந்து நிக்கிறார். ஆனா மனுசன் அந்தக் காலத்தில வடமோடிக் கூத்தில வீமன் ஆடின ஆளாம், சும்மா நடந்து வரமாட்டாராம், வரவு ஆடித்தான் வருவாராம். தானே தாளக்கட்டச் சொல்லி, கையில டோர்ச்சோட, வட்டக்களரியில ஆடுறது போல ஆட்டோவச் சுத்தி ஏழு நிமிசம் ஆடினார். நான் அவ்வளவு நேரமும் செத்த ஓநாயாக் கிடந்தன், நுளம்பு ஒரு பக்கம் தும்பு ஒரு பக்கம். புத்தகத்தில வேட்டைக்காரன் கத்தரிக்கோலால வயித்த வெட்டி, கிழவியயும் புள்ளயயும் எடுத்துப்போட்டு, கல்ல நிரப்புவானாம். எங்களிட்ட கத்தரிக்கோல் இல்ல. அவர் கொட்டப்பெட்டிக்குள்ள இருந்து பாக்குவெட்டிய எடுத்தார். கல்லுக்குப் பதிலா வயல் சேறு.

போன ஞாயிறு அக்காட முத்தத்தில பெட்சீட்டக் கட்டிப் படம் போட்டம். பயப்பட வேண்டிய இடமெல்லாம் சனம் சிரிச்சுது, சிரிக்க வேண்டிய இடத்தில புள்ளயள் அழுதுதுகள். பூனைக்கு விசில். வீமன் வரவுக்குக் கிழவிமார் எழும்பி நிண்டு கைதட்டினாளுகள், டைரக்டர் அந்த ஏழு நிமிசத்த வெட்டப் பாத்தவன், இப்ப வாயே திறக்கல்ல. மறுகா கிழவி வேசத்தில நான் வந்த சீன். முன்வரிசையில இருந்து அம்மாட குரல், "அது என்ட நைட்டியெல்லுவா?" அதுக்குப் பின்னாலயே அக்கா, "இதுக்கெல்லாம் காசு எங்கால?"

படம் அதோட நிண்டு போயிட்டு, முடிவ ஆரும் பாக்கல்ல.

தும்பு இன்னும் ஆட்டோவ விட்டுப் போகல்ல. நேத்து கல்லடிக்கு ஹயர் வந்த ஒரு அக்கா இறங்கி சாறியத் தட்டித் தட்டிப் பாத்துட்டு "என்ன தம்பி, ஆட்டோக்குள்ள நாய் வளக்கிறீங்களா?" எண்டு கேட்டா.

"ஓநாய் அக்கா" எண்டன். மிச்சக் காச வாங்காமப் போயிட்டா.