சுரண்டிய தாரும் ஐப்பசி மழையும்

நெல்லைப் பக்கம் பழைய தெருக்களில், மூணு படி ஏறி நடைக்குள் போன வீடெல்லாம் இன்று ரோட்டுக்குச் சமமாக நிற்கிறது. ரோட்டின் மேலேயே ரோடு போட்ட வினை. பழைய தளத்தைச் சுரண்டிவிட்டு அதே மட்டத்துக்குத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். சுரண்டியதைப் புதுக் கலவையில் திரும்பச் சேர்க்கலாம்; குளத்தங்கரையில் தட்டிவிட்டுப் போவது அநியாயம். நூறு டன்னில் 95 டன் நல்ல ஜல்லி, 5 டன்னுக்குக் கிட்ட தார்.

ஐந்தரை மீட்டர் அகல ரோட்டில் ஒரு கிலோமீட்டருக்கு 40 மில்லிமீட்டர் சுரண்டினால் சுமார் 500 டன் வரும். திரும்பப் போடும் 500 டன் கலவையில் 30 சதவீதம் பழசு என்றால் 150 டன். குவாரியில் 140 டன் கல்லுக்கு வெடி வைக்க வேண்டாம். புதுத் தாரில் 7 டன் வரை மிச்சம். பழைய தார் முழுக்க இளகி வராது, அதனால்தான் 'வரை'.

இந்த லாபத்தைத் தின்பது மழை. வெட்டவெளியில் கிடக்கும் குவியல் ஐப்பசியில் 5 சதவீதம் ஈரம் பிடித்தால், 150 டன்னில் ஏழரை டன் தண்ணீர். ஏழரைதான்! அதை ஆவியாக்க மட்டும் 500 லிட்டர் ஃபர்னஸ் ஆயில் எரிய வேண்டும். தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளே வியர்த்து ஈரம் அப்படியே தங்கும். பக்கம் திறந்த தகரக் கொட்டகை, வாட்டம் கொடுத்த சிமென்ட் தரை, இரண்டும் போதும். குவியல் மேல் ஜேசிபி ஏறக் கூடாது. வெயிலுக்கு இளகி கட்டி கட்டியாக இறுகிவிடும்.

தார்க் கலவை போடும் பிளான்ட்டில் பழசின் மேல் நேரடியாகத் தீ படக் கூடாது. பட்டால் தார் கருகி, புகைபோக்கியில் நீலப் புகை வரும். புது ஜல்லியை 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அந்தச் சூட்டில்தான் பழசை இளக்க வேண்டும். சுழலும் உருளைக்குள்ளேயே சூடாக்கிக் கலக்கும் பழைய டிரம் பிளான்ட்டில் நடுவில் பழசு போடும் வாய் இருக்காது. அங்கே இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

வெயிலில் வருடக்கணக்காகக் காய்ந்த தார் விறைத்துப் போயிருக்கும். கலவையில் பழசு 15 சதவீதத்தைத் தாண்டினால் இன்னும் இளகிய புதுத் தார் வேண்டும், விஜி-30க்குப் பதில் விஜி-10 (விஜி என்பது தாரின் தரம்; எண் கூடக் கூட விறைப்பு கூடும்). பழக்கதோஷத்தில் விஜி-40 ஊற்றினால் சீக்கிரமே வெடிப்பு விடும். சுரண்டும் பல் ஜல்லியையும் உடைப்பதால் தூசி கூடும். சலித்து, பெரிசு சிறிசு தனித்தனியாகக் குவிக்கணும்.

மிச்சம் 350 டன்னை பெர்மில், அதாவது ரோட்டோர மண் பகுதியில், பரப்பித் தண்ணீர் தெளித்து ரோலர் விடலாம். வண்டி ஒதுங்கினால் சகதியில் புதையாது.