லிங்கன் வீட்டுக்கு டிக்கெட் காசு கிடையாது!

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டில், எட்டாவது தெருவும் ஜாக்சன் தெருவும் சந்திக்கும் மூலையில் இருக்கும் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் வீட்டைப் பார்க்க ஒரு சென்ட்கூடத் தர வேண்டாம். தொட்டதற்கெல்லாம் டாலர் எண்ணும் ஊர்களைச் சுற்றிவிட்டு இங்கே வந்தால் மனசு குளிர்ந்துபோகிறது. மூத்த மகன் ராபர்ட் 1887-இல் வீட்டை இல்லினாய் மாநிலத்துக்குக் கொடுத்தபோதே, நன்றாகப் பராமரிக்க வேண்டும், பார்க்க வருபவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுவிட்டார். எத்தனை பெரிய மனசு! கார் நிறுத்தத்தான் காசு. சிகாகோவிலிருந்து ஆம்ட்ராக் ரயிலில் வந்தால் அதுவும் மிச்சம். சுமார் மூன்றரை மணி நேரப் பயணம், இறங்கியபின் கால் மணி நேர நடை. அந்தத் தூரத்துக்கு டாக்ஸி எடுப்பது வெட்டிச் செலவு.

நேரே வீட்டு வாசலுக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏழாவது தெருவில் உள்ள பார்வையாளர் மையத்தில் நேரம் குறித்த சீட்டு வாங்க வேண்டும். கூட்டமான நாளில் காலைச் சீட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் இதுதான் முதல் வேலை. காத்திருக்கும் நேரத்தில் பலகை நடைபாதையில் சுற்றலாம்; அந்த நான்கு பிளாக்குக்குள் கார் கிடையாது.

1844-இல் லிங்கன் இதை வாங்கியது 1,200 டாலரும் 300 டாலர் பெறும் ஒரு மனையும் கொடுத்து. விற்றவர் பாதிரியார் சார்ல்ஸ் டிரெஸ்ஸர்; லிங்கனுக்கும் மேரிக்கும் 1842-இல் திருமணம் நடத்தி வைத்தவரும் அவரே. ஒன்றரை மாடி வீட்டை 1856-இல் முழு இரண்டு மாடியாக உயர்த்த ஏறக்குறைய 1,300 டாலர் ஆனது. கிட்டத்தட்ட இன்னொரு வீட்டின் விலை!

படியேறும்போது கைப்பிடியை அவசியம் பிடியுங்கள். மற்ற எதையும் தொடவிட மாட்டார்கள், ஆனால் அந்த மரம் அசல். ஆறடி நான்கு அங்குல லிங்கனும், மகன்கள் ராபர்ட், வில்லி, டாட் மூவரும் பிடித்து ஏறியது. இரண்டாவது மகன் எடி முழு இரண்டு மாடி வீட்டைப் பார்க்கவில்லை. மாடி எழும்புவதற்கு ஆறு வருடம் முன்பே, 1850 பிப்ரவரியில், நான்கு வயது நிரம்பாமல் இதே வீட்டில் இறந்துபோனான். வழிகாட்டிகள் வேகமாகப் பேசிக்கொண்டு நகர்வார்கள். எடியைப் பற்றி நீங்களாகவே கேளுங்கள்.

சாப்பாடு என்றால் ஹார்ஸ்ஷூதான், இந்த ஊரின் சொந்தச் சரக்கு. வாட்டிய பிரெட், மேலே இறைச்சி, அதன்மேல் மலைபோல் உருளைக்கிழங்கு வறுவல், எல்லாவற்றையும் மூழ்கடிக்கும் சீஸ் சாஸ். அபாரம்! சின்ன அளவுக்குப் பெயர் போனிஷூ. ஒருவருக்கு அதுவே தாராளம். சூடாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள், ஆறினால் சாஸ் பிசினாகிவிடும்.

லிங்கன் அடக்கமாகியிருக்கும் ஓக் ரிட்ஜ் கல்லறையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து வடக்கே இரண்டு மைலுக்கு மேல். டாக்ஸி செலவு நியாயமாவது இங்கேதான். வெளியே இருக்கும் லிங்கனின் வெண்கலத் தலையின் மூக்கு, வருகிறவர்கள் தடவித் தடவிப் பளபளக்கிறது. பலர் அதோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள், பெரிய தவறு. உள்ளே போங்கள். லிங்கனுக்கு எதிர்ச் சுவரில் மேரி, எடி, வெள்ளை மாளிகையில் 11 வயதில் இறந்த வில்லி, 18 வயதில் போன டாட். ராபர்ட் மட்டும் வாஷிங்டன் அருகே ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில்.