வாடைக் காற்றில் ஆறு தகடுகள்

மண்டபத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், கடலைப் பார்த்தபடி ஆறு தகடுகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன், உப்புக் காற்றைத் தாங்குமா என்று பார்க்க. மூன்று, சிலிக்கன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொடி கலந்த அலுமினியம். மூன்று, பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட் கலந்தது. கோவை வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்தபோது உலோகம் உருக்கும் மூசையில் நானே கிளறி வார்த்தவை.

கிளறுவதுதானே என்று தோன்றும். உருகிய அலுமினியம் அந்தப் பொடியை லேசில் நனைக்காது. கூழில் மாவு கட்டி தட்டுவதுபோல் திரண்டு ஒதுங்கிவிடும். பொடியை முன்பே சூடாக்கி, உருகலில் சுமார் 1 சதவீதம் மக்னீசியம் சேர்த்த பிறகுதான் பிடித்தது. சூட்டைக் கூட்டினால் இன்னும் நன்றாகக் கலக்கும் என்று நினைத்தேன், அது தவறு. அதிகச் சூட்டில் சிலிக்கன் கார்பைடோடு வினைபுரிந்து அலுமினியம் கார்பைடு உண்டாகும். அது எளிதில் நொறுங்கும், ஈரம் பட்டால் சிதையும். சிலிக்கன் கூடுதலான அலுமினியக் கலவைக்கு மாறியதும் அந்தத் தொல்லை அடங்கியது.

ஒரு வாடைக் காலம் முடிந்து தகடுகளை இறக்கினேன். சிலிக்கன் கார்பைடு தகடுகளில் அங்கங்கே சிறு புள்ளிகள். கிராஃபைட் தகடுகளைப் பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது. வெள்ளைப் பொடி பூத்து, கிராஃபைட் துகள்களைச் சுற்றிக் குழி விழுந்திருந்தது. உப்பு ஈரம் படிந்தால் கிராஃபைட்டும் அலுமினியமும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடும், கரைவது அலுமினியம்தான். 1990இல் ஏவிய ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் ஆன்டெனா தண்டும் கார்பன் இழை கலந்த அலுமினியம்தான். அங்கே உப்புக் காற்று இல்லை.

படகின் வெளிப்பாகங்களை இதில் செய்யலாம் என்ற என் நெடுநாள் ஆசை அன்றே போய்விட்டது. அப்புறம் பாம்பனில் விசைப்படகு இன்ஜின் பார்க்கும் ஒரு அண்ணனிடம் தகடுகளைக் காட்டினேன். இன்ஜின் பாகங்களை இதில் செய்தால் இரும்பைவிட எடை குறையும் என்று சொன்னேன்.

"கனம் கொறஞ்சு எனக்கு என்ன தம்பி? இந்தக் காடி தேயாம இருக்கணும்," என்று ஒரு பழைய டீசல் பிஸ்டனை எடுத்துக் கையில் வைத்தார். மேல் ரிங் உட்காரும் காடியில், அதாவது சுற்றுப் பள்ளத்தில், வார்ப்பிரும்பு வளையம் பதித்த பிஸ்டன் அது.

அவர் தொட்டது சரியான இடம். டொயோட்டா 1983இல் டீசல் பிஸ்டனில் அதே காடியைத்தான் செராமிக் இழை கலந்த அலுமினியமாக மாற்றியது. அந்த இடத்தில் உப்பு ஈரம் பெரிய தொல்லை இல்லை. சூடும் உராய்வும்தான் பகை, அவற்றைத் தாங்கத்தான் இந்த உலோகம் பிறந்திருக்கிறது.

"வச்சுக்கோ," என்று பிஸ்டனைக் கொடுத்துவிட்டார். இப்போது அதன் காடியை அளந்துகொண்டிருக்கிறேன்.