கிரவுன் ஹில்லில் ஒன்பது ஞாயிறு

இன்றைய நிலவரம்: பட்டியலில் 34 பேர். கல்லறைக் கல்லைக் கண்டுபிடித்துப் படம் எடுத்தது 25. தப்பான கல்லை எடுத்தது 1. எங்கே இருக்கிறார் என்றே முடிவாகாதவர் 1. பாக்கி 7.

நான் குடியிருக்கும் இண்டியானாபொலிஸ் (அமெரிக்காவின் இண்டியானா மாநிலத் தலைநகர்), மேரியன் கவுன்ட்டிக்குள் வருகிறது. கவுன்ட்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. இந்த ஒரே கவுன்ட்டியின் கல்லறைகளில் கிடக்கும் அரசியல்வாதிகளை நேரில் போய்ப் பார்த்து எக்செல்லில் ஏற்றுவதுதான் வேலை. மேயரிலிருந்து ஜனாதிபதி வரை யாரானாலும் சரி. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. சிலர் தபால்தலை சேர்க்கிறார்கள்.

போனில் அம்மாவிடம் உளறிவிட்டேன். "ஞாயித்துக்கிழமை போற இடமாடா அது?" என்றார். வீட்டிலோ ஒரே சட்டம்: கேரேஜிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும், தலைக்குக் குளித்த பிறகுதான் காபி.

முதல் ஞாயிறு

கவுன்ட்டி முழுக்கச் சுற்ற வேண்டியிருக்கும் என்று பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தேவைப்படவில்லை. பட்டியலில் முக்கால்வாசிப் பேர் ஒரே இடத்தில்தான், கிரவுன் ஹில். 1863-ல் ஏற்படுத்தி 1864-ல் அடக்கத்துக்குத் திறந்த கல்லறைத் தோட்டம், 555 ஏக்கர். நடுவே 38-ஆம் தெரு ஓடுகிறது. தெருவுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போகலாம். உள்ளே மான்கள் நம்மைப் பார்த்து நகர்வதுகூட இல்லை.

வரைபடம் இல்லாமல் நடந்தேன். இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்த அரசியல்வாதி பூஜ்யம். கால் வலிதான் மிச்சம். இந்த இடத்தில் பெயரை வைத்துத் தேடக் கூடாது. பகுதி எண், மனை எண் இரண்டையும் எழுதிக்கொண்டுதான் வண்டியை விட்டு இறங்க வேண்டும்.

இரண்டாவது ஞாயிறு

எண்ணோடு போனேன். பகுதி 13, மனை 57: பெஞ்சமின் ஹாரிசன், 23-வது ஜனாதிபதி. 1888-ல் எதிர்த்து நின்ற கிளீவ்லண்டைவிடக் குறைவான மக்கள் வாக்கு வாங்கியும், ஜனாதிபதியை முடிவு செய்யும் மாநிலத் தேர்வாளர்களின் வாக்கில் 233-க்கு 168 என்று ஜெயித்தவர். பக்கத்தில் இரண்டு மனைவிகளும் இருக்கிறார்கள். முதல் மனைவி கரோலின் 1892 அக்டோபரில் வெள்ளை மாளிகையிலேயே இறந்தார். இரண்டு வாரத்தில் தேர்தலிலும் இவர் தோற்றார். 1896-ல் மணந்துகொண்டது கரோலினின் அக்கா மகளை. பிள்ளைகள் இருவரும் கல்யாணத்துக்கு வரவில்லை. கடைசியில் அவர்களும் இதே தோட்டத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

ஹாரிசன் கல்லருகே நான் இருந்த அரை மணி நேரத்தில் ஒருவரும் வரவில்லை. வந்த இரண்டு கார்களும் வழி கேட்டது வங்கிக் கொள்ளைக்காரன் டில்லிஞ்சரின் கல்லறைக்கு. அவன் கல்லை ஆட்கள் நினைவுப்பொருளாகச் செதுக்கிச் செதுக்கி எடுத்துப் போனதால் பலமுறை மாற்றியிருக்கிறார்கள். பட்டியலில் அவனுக்கு இடமில்லை. தேர்தலில் நின்றிருந்தால் பார்த்திருக்கலாம்.

மூன்று, நான்கு

இங்கேதான் பட்டியல் தன் குணத்தைக் காட்ட ஆரம்பித்தது. துணை ஜனாதிபதி என்ற கட்டத்தில் மூன்று பெயர்: ஹென்ட்ரிக்ஸ், ஃபேர்பேங்க்ஸ், மார்ஷல். மூவரும் இந்த ஒரே தோட்டத்தில். "நின்று தோற்றவர்" என்று இன்னொரு கட்டம் போட்டால் ஜூலியன் (1852), இங்கிலிஷ் (1880), கெர்ன் (1908) மூவரும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

காரணம் எளிது (1852 ஜூலியன் மட்டும் இதில் சேரமாட்டார்). உள்நாட்டுப் போருக்குப் (1861-65) பின் அரை நூற்றாண்டு காலம் இண்டியானா எந்தப் பக்கம் சாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இரண்டு கட்சிகளும் தலைக்கு நியூயார்க் போன்ற பெரிய இடத்து ஆளை வைத்துவிட்டு, வாலுக்கு ஒரு இண்டியானாக்காரரைச் சேர்த்துக்கொண்டன. நம் ஊரில் தொகுதிக் கணக்குப் பார்த்து வேட்பாளர் போடுவார்களே, அதேதான். உச்சம் 1916: வில்சனோடு நின்றவர் மார்ஷல், எதிரில் ஹியூஸோடு நின்றவர் ஃபேர்பேங்க்ஸ். இருவருமே இண்டியானா. ஜெயித்தவரும் தோற்றவரும் இப்போது ஒரே சுற்றுச்சுவருக்குள். ஒரே மதியத்தில் இருவரையும் எடுத்தேன். இதுவரை எடுத்ததில் எனக்குப் பிடித்த ஜோடி இதுதான்.

மார்ஷலைப் பற்றி இன்னும் கொஞ்சம். அண்ணன் தம்பி இருவரில் ஒருவன் கடலுக்கு ஓடிப்போனான், மற்றவன் துணை ஜனாதிபதி ஆனான், அதன்பின் இருவரைப் பற்றியும் தகவலே இல்லை என்று தன் பதவியையே கிண்டலடித்த மனிதர். 1919-ல் ஜனாதிபதி வில்சன் பக்கவாதத்தில் விழுந்தபோது நாற்காலியில் உட்காரச் சொல்லிப் பலர் நெருக்கியும் மறுத்துவிட்டார். எடுத்து வளர்த்த பையன் 1920-ல் சின்ன வயதிலேயே இறந்துபோனான். 1925-ல் இவரைக் கொண்டுவந்து வைத்தது அந்தப் பையனின் பக்கத்தில். அன்று அதற்கு மேல் வேலை ஓடவில்லை.

ஹென்ட்ரிக்ஸ் வேறு மாதிரி. 1876-ல் டில்டனோடு நின்று 185-க்கு 184 என்று ஒரே ஒரு தேர்வாளர் வாக்கில் போனது. 1884-ல் கிளீவ்லண்டோடு ஜெயித்தார். பதவியேற்ற எட்டே மாதத்தில், 1885 நவம்பரில் இறந்தார். அடுத்தாற்போல் யார் வரிசையில் என்ற குழப்பத்தில் 1886-ல் வாரிசுச் சட்டத்தையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று. அதே ஆண்டு வந்த பத்து டாலர் வெள்ளிச் சான்றிதழில் (அந்தக் காலத்து ஒரு வகை நோட்டு) அவர் படத்தைப் போட்டார்கள். படத்தைச் சுற்றிய சட்டகம் பார்க்க நடுகல் மாதிரியே இருப்பதால் நோட்டு சேர்ப்பவர்கள் அதைக் கல்லறை நோட்டு என்கிறார்கள். ஒன்று வாங்கலாமா என்று விலை பார்த்தேன். பார்த்ததோடு சரி.

ஆறாவது ஞாயிறு: வெளிச்சப் பாடம்

ஐந்தாவது வாரம் மழை. அடுத்த வாரம் போனால் பழைய பளிங்குக் கற்களில் எழுத்தே தெரியவில்லை. கிரானைட் அப்படியே நிற்கிறது. பளிங்கு மழையில் கரைந்து சர்க்கரைக் கட்டி மாதிரி மழுங்கிவிடுகிறது. சவரக் குழம்பு தடவினால் எழுத்து பளிச்சென்று தெரியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நல்லவேளை, தடவுவதற்கு முன் விசாரித்தேன். அது கல்லைத் தின்னும். சாக்பீஸும் கம்பி பிரஷ்ஷும் அப்படித்தான்.

பலித்த வழி: ஒரு முழ நீளக் கண்ணாடி. வெயிலை வாங்கி, கல்லின் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விட வேண்டும். குழிந்த எழுத்துக்குள் நிழல் விழுந்ததும் பெயர் எழுந்து வருகிறது. நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. கண்ணாடி பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும்; மகனுக்கு ஐஸ்கிரீம் லஞ்சம்.

ஏழாவது ஞாயிறு: தப்பு

வீட்டுக்கு வந்து படங்களைச் சரிபார்த்தபோதுதான் தெரிந்தது, 1880 வேட்பாளர் வில்லியம் இங்கிலிஷ் என்று நான் டிக் போட்டது அவருடைய மகனை. அப்பா வில்லியம் ஹேடன், மகன் வில்லியம் ஈஸ்டின். இருவரும் காங்கிரஸில் இருந்தவர்கள். நடு எழுத்தைப் பார்க்காமல் வந்தது என் அவசரம். அதற்காக இப்போது எக்செல்லில் இறந்த ஆண்டுக்குத் தனிக் கட்டம் போட்டிருக்கிறேன். அப்பா 1896.

கெர்ன் கட்டத்தில் இரண்டு ஆண்டுகள் எழுத வேண்டியிருந்தது. 1917-ல் இறந்தபோது வர்ஜீனியாவில் தன் நிலத்திலேயே புதைத்தார்கள். 1929-ல் எடுத்துவந்து இங்கே வைத்தார்கள். பழைய ஆளுநர்கள் நோபிள், விட்கம் இருவரும் இடம்பெயர்ந்தவர்கள்தான். ஆற்றங்கரையில் இருந்த ஊரின் முதல் இடுகாடான கிரீன்லானில் கிடந்து இங்கே வந்தவர்கள். அங்கிருந்து எல்லோரையும் எடுத்துவிடவில்லை. சமீபத்தில் பாலம் கட்டத் தோண்டியபோதும் எலும்புகள் வந்தன.

எட்டு, ஒன்பது

தோட்டத்தின் உச்சி மேட்டில் கிடப்பவர் அரசியல்வாதி இல்லை, கவிஞர் ஜேம்ஸ் விட்கம் ரைலி. அப்பா அந்த ஆளுநர் விட்கம் மேல் வைத்த அபிமானத்தால் வந்த பெயர். இப்போது ஆளுநர் கீழே, பெயரை வாங்கியவர் மேலே. கவிஞரின் கல் மேல் ஜனங்கள் சில்லறை வைக்கிறார்கள். அது குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. நானும் ஒரு குவார்ட்டர் வைத்தேன். ஆளுநர் கல்லில் ஒரு காசும் இல்லை.

இறங்கும் வழியில் ஜூலியா கார்சன். இண்டியானாபொலிஸிலிருந்து காங்கிரஸுக்குப் போன முதல் பெண், முதல் கறுப்பினத்தவர். 2007 டிசம்பரில் பதவியில் இருக்கும்போதே இறந்தார். பட்டியலில் நான் டிவியில் பார்த்த ஒரே முகம். மற்றவர்கள் எல்லாம் தாடி.

எக்செல்லில் ஒரே ஒரு மஞ்சள் கட்டம்: கேலப் ஸ்மித், லிங்கனின் உள்துறை அமைச்சர், 1864 ஜனவரியில் இறந்தவர். முதலில் வைத்தது கிரீன்லானில். பிறகு கானர்ஸ்வில் ஊருக்குக் கொண்டுபோனார்கள் என்று பேச்சு. 1977-ல் அங்கே திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தது இவர் இல்லை. கிரவுன் ஹில்லில்தான் எங்கோ இருக்கிறார் என்பது ஒரு தரப்பின் வாதம். கவுன்ட்டிக்குள் சேர்ப்பதா, வெளியே தள்ளுவதா? மகன் "பாதி மார்க் போடுப்பா" என்கிறான். இப்போதைக்கு 0.5.

அடுத்த ஞாயிறு காலை எட்டரைக்கு அப்பா இங்கிலிஷ். கண்ணாடியைத் துடைத்து காரில் வைத்தாயிற்று.